லயத்துக் காம்பராவும் மனச்சாட்சியும்



மத நம்பிக்கை, ஒழுக்கம், தனிமனிதரின் தெரிவு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். மலையகத்தில் இவை பற்றிய பேச்சுக்குக் குறைவில்லை. திருவிழா மேடையில் பேசுகிறார்கள். ஜெபக்கூட்டத்தில் பேசுகிறார்கள். பாராளுமன்றத்திலும் பேசியிருக்கிறார்கள். பேசியவர்களில் கொழுந்துக்கூடையை முதுகில் சுமந்தவர்கள் மிகச் சிலர். என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதை நம்புவது, எதைக் கைவிடுவது என்று யோசித்து முடிவெடுக்கும் அறிவு தோட்டத் தொழிலாளிக்கு இருக்கிறது. எடுத்த முடிவோடு வாழ்வதற்கு வேண்டிய வீடும் நிலமும்தான் இல்லை. மதமாற்றம் பற்றி நம்மிடையே நடக்கும் சண்டை அந்த அறிவைச் சந்தேகிக்கிறது. அந்த இல்லாமையைக் கண்டுகொள்வதில்லை.

1854 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அந்த ஆண்டில்தான் 'சைவதூஷண பரிகாரம்' என்ற நூலை வெளியிட்டார். பீட்டர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத்தைத் தமிழாக்க உழைத்தவர் அவர். அங்கே பெற்ற விவிலிய அறிவைக் கொண்டே, சைவத்தைப் பழித்த மிஷனரிகளுக்கு மறுப்பு எழுதினார். அதே 1854 இல் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களில் வேலை செய்த தமிழருக்காக ஆங்கிலிக்கத் திருச்சபையினர் 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தோட்டத்துத் துரைமார் சிலரும் அதற்குப் பண உதவி செய்தார்கள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்துச் சைவர் வாதத்துக்கு வரக்கூடியவராக மதிக்கப்பட்டார். அவருடைய நூலுக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. தோட்டத்துத் தமிழரோ கரையேற்றப்பட வேண்டியவராக மட்டும் பார்க்கப்பட்டார். 1873 ஆகஸ்டில் பாணந்துறையில் பௌத்தத்துக்காக மிகெட்டுவத்தே குணானந்த தேரரும் கிறிஸ்தவத்துக்காக டேவிட் டி சில்வா பாதிரியாரும் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் இரண்டு நாள் வாதிட்டார்கள். அதைப் பற்றிப் படித்து ஈர்க்கப்பட்ட அமெரிக்கர் கேர்ணல் ஒல்கொட் 1880 இல் இந்த நாட்டுக்கு வந்தார். கரையோரத்தில் இவ்வளவும் நடந்த காலத்தில் மலையில் கோப்பி இலைத்துரு நோயால் செத்துக்கொண்டிருந்தது, தேயிலை ஏறிக்கொண்டிருந்தது. உன் தெய்வம் எது, ஏன் அதைக் கும்பிடுகிறாய் என்று சமமாக உட்கார்ந்து கேட்கும் மேடையொன்று தோட்டத்தில் எழவில்லை.

ஆனால் மேடை இல்லாததால் சிந்தனையும் இல்லை என்று ஆகிவிடாது. ஆள் கூட்டி வந்த கங்காணிமாரோடு வந்தவர்கள் மாரியம்மனையும் முனியாண்டியையும் மாடசாமியையும் மதுரைவீரனையும் ஊரிலிருந்து கொண்டுவந்தார்கள். லயம் என்னும் வரிசை வீடுகளுக்குப் பின்னால் மரத்தடியில் கல்லாகவும் சூலமாகவும் நட்டுக் கும்பிட்டார்கள். வந்த இடத்தில் அவர்கள் புதிதாகவும் தெய்வங்களைக் கண்டார்கள். தேயிலையைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும்போது வணங்குவதற்குக் கவ்வாத்துச்சாமி வந்தார். ரோதை சுற்றும் தேயிலைத் தொழிற்சாலையைக் காக்க ரோதமுனி வந்தார். கவ்வாத்துக் கத்தி சறுக்கினால் காலில் இறங்கும். ஓடுகிற இயந்திரத்தில் அகப்பட்ட கை திரும்ப வராது. அந்த ஆபத்தை நாள்தோறும் பார்த்தவர்கள், ஆகமத்தில் பெயரில்லாத, இந்தியாவில் விட்டு வந்த ஊரிலும் இல்லாத ஒரு காவலைத் தாங்களே ஏற்படுத்திக்கொண்டார்கள். வெள்ளைக்கார நிர்வாகமும் ரோதமுனியை ஏற்பாடு செய்யவில்லை, சிவாச்சாரியாரும் செய்யவில்லை. சொன்னதைக் கேட்டு நடக்கிற கூட்டம் என்று நம்மை எழுதிவைத்தவர்கள் இந்த ஒரு செய்தியை எண்ணிப் பார்த்திருக்கலாம்.

கோயில் கட்டடமாக வளர்ந்தபோது நிலைமை வேறானது. நிலம் தோட்டத்துடையது. கணக்கு பெரிய கங்காணியின் கையில். திருவிழாவில் முதல் மரியாதை துரைக்கு. தேர் எந்த லயத்து வழியாகப் போகும், வடத்தை யார் தொடலாம், தப்பு யார் அடிக்க வேண்டும் என்பதெல்லாம் சாதிப்படி தீர்மானமாயின. லயத்துக் காம்பராக்களும் அந்த நாளில் சாதி பார்த்துத்தான் கொடுக்கப்பட்டன. சம்பளச் சிட்டையில் அரிசிக்கும் டோபிக்கும் சவரத்துக்கும் பிடிப்பது போலக் கோயிலுக்கும் ஒரு பிடிப்பு வந்தது. தோட்டம், சாதி, கோயில் மூன்றும் ஒரே கணக்குப் புத்தகத்துக்குள் போயின. கோயிலை விட்டு ஒருவர் விலகினால் அவர் விலகுவது சாமியிடமிருந்து மட்டும் அல்ல. மரண உதவிச் சங்கத்திலிருந்து, கல்யாணப் பந்தலுக்கு மூங்கில் தூக்க வரும் ஆட்களிடமிருந்து, குழி வெட்ட வரும் நாலு பேரிடமிருந்து எல்லாம் விலக வேண்டியிருந்தது.

இங்கே ஒழுக்கம் பற்றிய ஒரு வாதத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். கடா வெட்டுவது சரியா? நாவலர் தம் காலத்திலேயே உயிர்ப்பலியை வன்மையாகக் கண்டித்தார். 2017 இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் தன் நியாயாதிக்கத்துக்குள் வரும் கோயில்களில் மிருக பலியைத் தடை செய்தது. 2018 இல் நாடு முழுவதும் இந்துக் கோயில்களில் அதைத் தடுக்கும் சட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கடா வெட்டுவதை நான் ஆதரிப்பவன் அல்லன். என் வீட்டில் அந்த நேர்த்தி இல்லை. உயிர்வதை வேண்டாம் என்ற வாதம் வலுவான வாதம். அதை நான் தோட்டத்து மக்களிடம் நேரில் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் இறைச்சிக்கடையில் தொங்கும் ஆட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாத அறம், மாடசாமிக்கு முன்னால் விழும் ஆட்டைப் பற்றி மட்டும் பேசினால், அது உயிருக்காகப் பேசவில்லை. கும்பிடுகிறவரின் தகுதியைப் பற்றிப் பேசுகிறது. அந்தக் கடா இறைச்சி வீடு வீடாகப் பங்கு போடப்படுகிறது. வேலைக்குப் போகாத கிழவிக்கும் ஒரு பங்கு உண்டு. இதைப் பார்த்தவர்கள் அதைக் கொடுமை என்று சொல்லி முடித்துவிட மாட்டார்கள். கடா வெட்டுவதை நிறுத்திய தோட்டங்களும் இருக்கின்றன. இளைஞர்கள் வருஷக்கணக்காகப் பெரியவர்களோடு வாதாடி, பூசணிக்காய் வெட்டினால் போதும் என்று சம்மதிக்க வைத்திருக்கிறார்கள். ஒழுக்கம் பற்றிய மாற்றத்துக்கு அந்த வழிதான் உகந்த வழி. பொலிசார் வந்து ஆட்டைப் பிடித்துக்கொண்டு போவதால் ஒருவருடைய மனச்சாட்சி மாறாது.

இனி மதமாற்றம். இன்று இந்த மண்டபத்தில் பலர் காத்திருப்பது இதற்காகத்தான் என்று தெரியும்.

மாலை ஏழு மணிக்கு ஒரு லயத்துக்குப் போய்ப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற கணக்கில் ஒரு காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. பழைய லயங்களில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரையைத் தொடுவதில்லை. ஒரு வீட்டில் இருமினால் மூன்றாவது வீட்டில் கேட்கும். அங்கே ஒரு காம்பராவில் பத்துப் பன்னிரண்டு பேர் பாய் விரித்து உட்கார்ந்து கைதட்டிப் பாடுகிறார்கள். அடுத்த காம்பராவில் கந்தசஷ்டி கவசம் ஓடுகிறது. அதற்கடுத்த காம்பராவில் மறுநாள் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். மதச் சண்டை என்று நாம் சொல்லும் பலவற்றில் பாதி இந்தச் சுவரிலிருந்து தொடங்குகிறது. எல்லார் வீட்டுக்கும் தனிச் சுவரும் நாலு அடி இடைவெளியும் இருந்திருந்தால் எத்தனை பொலிஸ் முறைப்பாடுகள் எழுந்தே இராது என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன்.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஜெபத்துக்குப் போகும் ஒரு தாயிடம், ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன். இஸ்தோப்பில் உட்கார்ந்து கறிக்குக் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "சேர், மாரியம்மாவ நான் வெறுக்கல. எங்க பாட்டி கரகம் எடுத்தவ. ஆனா திருவிழாவுல மொத ஆளா குடிச்சிட்டு நிக்கிறது என் மனுசன்தான். அவனக் கேக்க அங்க ஆளில்ல. இங்க பாஸ்டர் வீட்டுக்கே வந்து அவன்கிட்ட பேசுறாரு. நாலு பொம்பளைங்க என்னோட உக்காந்து அழுறாங்க. குடி கொஞ்சம் கொறஞ்சிருக்கு. முழுசா நிக்கணும்னுதான் ஜெபம் பண்றேன்."

இதை என்ன பெயரிட்டு அழைப்பது? ஒரு மூட்டை அரிசிக்கு விலைபோன மனச்சாட்சி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. தன் வீட்டின் துன்பம் எது, அதற்கு எந்த இடத்தில் துணை கிடைக்கும், அதற்காக எதை இழக்க வேண்டிவரும் என்று அந்த அம்மா நிறுத்துப் பார்த்திருக்கிறார். பாட்டியின் கரகத்தை மறக்கவில்லை. அதன் பெறுமதி தெரிந்தே விலகியிருக்கிறார். 1984 வரையில் தோட்டத்துப் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் இல்லை. சமசம்பளம் வந்த பின்னும் பெண்ணின் சம்பளத்தைக் கணவனே போய் வாங்கிவரும் வழக்கம் பல இடங்களில் நீடித்தது. தன் கூலியைத் தன் கையில் வாங்க முடியாத ஒரு பெண், எந்தத் தெய்வத்திடம் அழுவது என்பதையாவது தானே முடிவு செய்கிறாள் என்றால், அவள் வாழ்க்கையில் அவள் எடுத்த பெரிய முடிவுகளில் அது ஒன்றாக இருக்கலாம்.

ஐயப்பனுக்கு மாலை போடும் இளைஞர்களையும் எண்ணிப் பாருங்கள். விரத காலம் முழுக்கக் குடிப்பதில்லை, கெட்ட வார்த்தை பேசுவதில்லை, குளிரில் விடியற்காலையில் குளிக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண்களுக்கு ஆண்டில் நிம்மதியான காலம் அதுதான். இந்த வழிபாடு மலையகத்துக்கு வந்து சில தலைமுறைகளே ஆகின்றன. இதை யாரும் மதமாற்றம் என்று சொல்வதில்லை. சொல்லவும் கூடாது. ஆனால் தாயின் ஜெபத்துக்கும் மகனின் மாலைக்கும் பின்னால் இருக்கும் தேவை ஒன்றுதான் என்பதை ஏன் ஒப்புக்கொள்ளக் கூடாது?

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆக மாட்டேன். பள்ளிப்பையும் அரிசியும் கொடுத்துவிட்டு, மறுவாரம் கூட்டத்துக்கு வரவில்லையா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். காச நோய்க்காரரிடம் மாத்திரையை நிறுத்து, விசுவாசம் போதும் என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். முனியாண்டியைப் பேய் என்றும், பாட்டன் கும்பிட்ட கல்லைச் சாத்தான் என்றும் ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்வது உயிரோடு விளையாடுவது. அதைத் தடுக்கச் சுகாதாரத் துறையும் இருக்கிற சட்டமும் போதும். மற்ற இரண்டும் ஒழுக்கக் கேடுகள். பசியைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறவர் தாம் சொல்லும் செய்தியின் உண்மையில் தாமே நம்பிக்கை வைக்கவில்லை. பாட்டனின் தெய்வத்தைப் பழிக்கிறவர் அந்தப் பேரனிடம் எதையும் எடுத்துச் சொல்லவில்லை, அவனை வெட்கப்படுத்துகிறார். வெட்கத்தால் வந்தவனை வேறொரு வெட்கத்தால் இன்னொருவர் இழுத்துக்கொண்டு போகலாம்.

சட்டத்தால் இதைத் தீர்க்கலாம் என்று நினைத்தவர்களின் அனுபவம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2002 இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. பெண்களையும் சிறுவரையும் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் மாற்றினால் கூடுதல் தண்டனை என்றது அது. படித்த, வசதியுள்ள, உயர்சாதி ஆண் ஒருவர் மதம் மாறினால் அவருக்கு மூளை இருக்கிறது, மற்றவர்களுக்கு இல்லை என்பதுதான் அந்தக் கூடுதல் தண்டனைக்கு அடிப்படையான எண்ணம். மக்களிடையே எழுந்த எதிர்ப்புக்கும் 2004 தேர்தல் தோல்விக்கும் பிறகு, கொண்டுவந்த அரசே அதைத் திரும்பப் பெற்றது. அதே 2004 இல் இலங்கைப் பாராளுமன்றத்தில் ஜாதிக ஹெல உறுமய கட்சி அதே பெயருள்ள சட்டமூலத்தை முன்வைத்தது. மதம் மாறுகிறவர் பிரதேச செயலாளருக்கு அறிவிக்க வேண்டும் என்றது. சமுர்த்தி நிவாரணம் பெறுவோர், மாணவர், வைத்தியசாலையில் இருப்போர், சிறையில் இருப்போர் என்று ஒரு பட்டியலும் அதில் இருந்தது. அவர்களை மாற்றினால் தண்டனை கூடும்.

மலையக மக்களுக்கு அந்த ஆண்டு எத்தகையது என்று யோசியுங்கள். 1948 இல் பறித்த பிரஜாவுரிமையை மிச்சமிருந்த எல்லாருக்கும் கொடுத்த சட்டம் 2003 இல்தான் வந்தது. நாடற்றவர் என்ற பெயர் போய் ஒரு வருஷம்கூட நிறைவாக ஆகவில்லை. அதற்குள், நீ ஏழை, ஆகவே உன் மனச்சாட்சியை நீயே அறியமாட்டாய் என்று ஒரு சட்டமூலம் சொல்ல வந்தது. உயர் நீதிமன்றம் அதைப் பரிசீலித்து, அறிவிக்க வேண்டும் என்ற விதி அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரைக்கு முரணானது என்று கண்டது. சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் உள்ள சுதந்திரத்தையும், தான் தெரிந்தெடுக்கும் மதத்தையோ நம்பிக்கையையோ கைக்கொள்ளும் உரிமையையும் அந்த உறுப்புரை ஒவ்வொருவருக்கும் கொடுக்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு போதாது, மக்கள் தீர்ப்பும் வேண்டும். பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் 9 ஆம் உறுப்புரைகூட இந்த 10 ஆம் உறுப்புரையின் உரிமைகளைக் காப்பாற்றிக்கொண்டேதான் பேசுகிறது. சட்டமூலம் சட்டமாகவில்லை.

தலைவர்கள் மதம் மாறும்போது நாம் அதை எப்படிப் பேசுகிறோம்? அயோத்திதாசப் பண்டிதர் 1898 இல் கொழும்புக்கு வந்து பஞ்சசீலம் ஏற்றார். அதை ஒரு சிந்தனையாளரின் தேடல் என்று படிக்கிறோம். அம்பேத்கர் 1935 இல் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்து, 21 ஆண்டுகள் படித்தும் யோசித்தும் 1956 அக்டோபரில் நாக்பூரில் பௌத்தம் ஏற்றார். அதை வரலாறு என்கிறோம். பண்டிதர் கொழும்புக்கு வந்த அதே காலத்தில் அவர் பிறந்த சமூகத்து மக்கள் கூட்டம் கூட்டமாகக் கடல் கடந்து இந்த மலைகளுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் தப்பு அடிக்கும் கடமையிலிருந்து விடுபடுவதற்காகவே கிறிஸ்தவ வேதத்துக்குப் போயிருந்தால், அது மட்டும் ஏன் ஏமாற்றாக எழுதப்பட வேண்டும்? இழிவிலிருந்து விடுதலை தேடுவது ஆன்மிகக் காரணம் ஆகாது என்று யார் விதித்தார்கள்?

நம்பாதவர்களைப் பற்றியும் பேச வேண்டும். மலையகத்தில் அவர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. நம் பாடப்புத்தகங்கள் அதைத் தொடுவதில்லை. 1932 இல் பெரியார் ஐரோப்பாவிலிருந்து திரும்பும் வழியில் இலங்கையில் இறங்கிப் பேசினார். இங்கே சுயமரியாதை இயக்கம் வேர்விட்டது. பின்னர் ஏ. இளஞ்செழியன் தலைமையில் இலங்கை திராவிட முன்னேற்றக் கழகம் தோட்டங்களில் வேலை செய்தது. கிளை அமைத்தார்கள், படிப்பகம் வைத்தார்கள், சாதி ஒழிப்பையும் பகுத்தறிவையும் பேசினார்கள். பிரஜாவுரிமைக்காகவும் நின்றார்கள். 1962 இல் அரசு கழகத்தைத் தடை செய்தது. அந்தத் தலைமுறையின் பெரியவர்கள் சிலரை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். கோயிலுக்குக் காசு கொடுக்க மாட்டேன் என்று வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் எழுந்து சொன்னவர்கள் அவர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகப் பெண் கொடுக்க மறுத்தார்கள், தண்ணீர்ப் பீலியில் பேச்சை நிறுத்தினார்கள். அப்படியிருந்தும் அடுத்த வீட்டில் சாவு விழுந்தால் முதலில் மண்வெட்டியோடு போய் நின்றவர்களும் அவர்களே. நம்பிக்கை இல்லாதவருக்கு ஒழுக்கம் எங்கிருந்து வரும் என்று கேட்கிறவர்கள் அவர்களோடு ஒரு மாதம் ஒரு லயத்தில் இருந்திருக்க வேண்டும்.

பிள்ளைகள் விஷயம் இன்னும் சிக்கலானது. சாதாரண தரப் பரீட்சையில் சமயம் கட்டாய பாடம். ஜெபத்துக்குப் போகும் வீட்டுப் பிள்ளை படிக்கும் தோட்டப் பாடசாலையில் கிறிஸ்தவம் கற்பிக்க ஆசிரியர் இல்லாதபோது, அந்தப் பிள்ளை சைவநெறி எழுதுகிறது, நன்றாகவும் எழுதுகிறது. நாயன்மார் கதையை ஒப்பித்துவிட்டு வீட்டில் அதைச் சொல்லப் பயப்படும் பிள்ளையை நான் கண்டிருக்கிறேன். எல்லா மதங்களையும் மதமின்மையையும் பற்றி மரியாதையோடு அறிமுகம் செய்யும் ஒரு பாடத்தை ஒரு தெரிவாகவாவது வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் கருத்து. சைவப் பிள்ளைக்கும் அதனால் நட்டமில்லை. தன் சமயத்தை வேறொன்றோடு ஒப்பிட்டு யோசித்த பிள்ளைதான் வளர்ந்ததும் அதில் உறுதியாக நிற்கும், அல்லது தெளிவோடு விலகும்.

ஒரு சாவு வீட்டைச் சொல்கிறேன், இடம் வேண்டாம். மூத்த மகன் ஜெபத்துக்குப் போகிறவர். இளையவர் கோயில் கமிட்டியில் இருக்கிறவர். தகப்பனின் பெட்டி லயத்து வாசலில் இருக்கிறது, மழை தூறுகிறது. தப்பு அடிக்கக் கூடாது என்கிறார் மூத்தவர். தப்பு இல்லாமல் இந்த லயத்திலிருந்து பிணம் போனதில்லை என்கிறார் இளையவர். குழி வெட்டப் போனவர்கள் பாதியில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். ஒன்றரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு தோட்டத் தலைவர் ஒரு தீர்ப்புச் சொன்னார்: லயம் முடியும் இடம்வரை பாட்டு, அங்கிருந்து மயானம்வரை தப்பு. இரண்டு மகன்களும் தலையாட்டினார்கள். புத்தியான தீர்ப்புத்தான். ஆனால் அங்கே நின்ற எவருக்கும், இறந்த பெரியவர் எதை விரும்பினார் என்று தெரியாது. கடைசிவரை அவரை யாரும் கேட்டு வைக்கவில்லை. தனிமனிதத் தெரிவு என்ற பெரிய சொல்லை நாம் பேசும்போது அந்தப் பெட்டிக்குள் இருந்தவர்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார்.

இந்தச் சண்டைகள் ஏன் இங்கே இவ்வளவு கூர்மையாகின்றன என்றால், நிலம் நம்முடையது இல்லை. 1972 இலும் 1975 இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992 இலிருந்து நிர்வாகம் கம்பனிகளிடம். இரு நூற்றாண்டுகள் உழைத்த பின்னும் லயத்துக்காரர் பலருக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்துக் கந்தோருக்கு வருகிறது. ஜெபவீடு கட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். மாடசாமிக்கு மேடை கட்டவும் அதே அனுமதி. புதிய வழிபாட்டு இடங்களுக்கு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற 2008 சுற்றறிக்கை வேறு. 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்ற திட்டம் வந்தது. இந்திய உதவியோடு 4,000 வீடுகள், பிறகு 2017 இல் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. முடிந்த இடங்களுக்குப் போனபோது ஒன்றைக் கவனித்தேன். ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை, எதிர்வீட்டுக் கதவில் வசனம் எழுதிய அட்டை, இரண்டு வீட்டுப் பெண்களும் வேலி ஓரத்தில் நின்று சீனி கைமாற்றுகிறார்கள். லயத்தில் சேர்ந்து இருந்தபோது ஒருவரை ஒருவர் பார்க்காதவர்கள் அவர்கள். சொந்தச் சுவர் கிடைத்த பின் பக்கத்து வீட்டுத் தெய்வம் பகையாகத் தெரியவில்லை. வீட்டுரிமைக்குப் போராடும் தொழிற்சங்கங்கள் அதை மதச் சுதந்திரத்துக்கான போராட்டமாகவும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உறுதிப்பத்திரத்தில் பெண்ணின் பெயரும் இருக்க வேண்டும். வீடு கணவனின் பெயரில் மட்டும் இருந்தால் அவளுடைய தெய்வமும் அவன் அனுமதியில்தான் இருக்கும்.

வீடுகள் எல்லாருக்கும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லாத வேலைகளும் உண்டு. பாஸ்டர்மாரிடம் கேட்பது: அடுத்த வீட்டுத் தெய்வத்தைப் பேய் என்று சொல்லாமல் உங்கள் செய்தியைச் சொல்லிப் பாருங்கள், இரவு எட்டு மணிக்குப் பெட்டி ஸ்பீக்கரை நிறுத்துங்கள். அந்த எட்டு மணி திருவிழா ஒலிபெருக்கிக் குழாய்க்கும் பொருந்தும். கோயில் கமிட்டி நண்பர்களிடம் கேட்பது இரண்டு. மரண உதவிச் சங்கத்தைக் கோயில் கணக்கிலிருந்து பிரித்துத் தனியாக வையுங்கள். சந்தா கட்டும் எவருக்கும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் கும்பிடாவிட்டாலும், குழி வெட்ட ஆள் வரட்டும். சம்பளத்தில் பிடிக்கும் கோயில் காசுக்கு ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கணவனிடம் வாங்கிய கையெழுத்து மனைவிக்குச் செல்லாது. பிடிப்பு குறைந்துவிடும் என்று அஞ்சுகிறீர்கள். சில தோட்டங்களில் குறையலாம். குறைந்த தொகையோடு நடக்கும் திருவிழாவில் நிற்கிறவர்கள் மனமுவந்து நிற்கிறவர்களாக இருப்பார்கள். சங்கத்தைப் பிரிப்பதற்குப் பாராளுமன்றமும் தேவையில்லை, நீதிமன்றமும் தேவையில்லை. அடுத்த கணக்குக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து முன்மொழிந்தால் போதும்.